யேட்சின் காதல் கவிதைகளைத் தமிழாக்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அயர்லாந்துக் கவிஞர் யேட்சைத் தமிழாக்க முனையும் இளைஞர்கள் தம் படிகளை என்னிடம் காட்டும்போது, இருபது ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே பிழைகளை அவற்றில் காண்கிறேன். அருஞ்சொல் மயக்கங்களை அகராதி திருத்திவிடும், மற்றவற்றைச் சொல்கிறேன்.

கேள்வியைக் குற்றச்சாட்டாக்குவது

தாம் நெடுங்காலம் காதலித்த மாட் கான் என்னும் பெண்ணை எண்ணி 1908-இல் யேட்ஸ் எழுதிய ‘நோ செகண்ட் ட்ராய்’ (‘இரண்டாம் ட்ராய் இல்லை’; ட்ராய், கிரேக்கக் கதையில் ஹெலன் என்னும் அழகியால் எரிந்த நகரம்) 12 வரிகள் கொண்டது; அதன் 4 வாக்கியங்களும் கேள்விகள். என் நாள்களைத் துயரத்தால் நிரப்பியதற்காகவும், அறியாத மனிதர்களுக்கு வன்முறை வழிகளைக் கற்பிக்க முனைந்ததற்காகவும் அவளை நான் ஏன் பழிக்க வேண்டும் என்று அது தொடங்குகிறது. மூலத்தில் ‘ஏன்’ முதற்சொல்லாக நிற்கிறது. தமிழில் வினைமுற்று இறுதிக்குப் போய்விடுவதால், 5 வரி நீளும் வாக்கியத்தைத் தாங்க மாட்டாமல் துண்டாக்கிவிடுகிறோம். ‘துயரத்தால் நிரப்பினாள், வன்முறை கற்பித்தாள்’ என்று எழுதியதும் கேள்வி மறைந்து வசை மட்டும் மிஞ்சுகிறது.

நானும் அப்படித்தான் எழுதி ஒரு சிற்றிதழில் வெளியிட்டேன். அதை ஒரு கூட்டத்தில் வாசித்து முடித்தபோது, தொழிற்சங்கத்தில் நெடுங்காலம் உழைத்த முதிய பெண்மணி ஒருவர், “அந்தப் பெண் என்ன வேலை செய்துகொண்டிருந்தார், தம்பி?” என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை. அயர்லாந்தின் டோனிகாலில் நிலத்தைவிட்டு வெளியேற்றப்பட்ட குத்தகை விவசாயிகளுக்காக நின்றவர், 1900-இல் ‘அயர்லாந்தின் புதல்விகள்’ என்னும் பெண்கள் அமைப்பைத் தொடங்கியவர் என்பதையெல்லாம் அதன் பிறகே தேடிப் படித்தேன். அச்சேறிய என் வரிகளிலோ அவர் காதலனை வருத்திய அழகியாக மட்டுமே நின்றுவிட்டார். அது இன்றும் என்னை உறுத்துகிறது.

‘ஏன் பழிப்பேன் அவளை’ என்று முதலில் நிறுத்துங்கள். நம் செய்யுளில் வினை முன்வருவது புதிதன்று. பிறகு ‘நிரப்பியதற்கா, கற்பிக்க முனைந்ததற்கா’ என்று அடுக்கினால், எரிப்பதற்கு அவளுக்கு இன்னொரு ட்ராய் இருந்ததா என்னும் கடைசி வரிவரை கேள்வி உயிரோடிருக்கும்.

முன்னுரையில் யேட்ஸ் ‘அவர்’, மாட் கான் ‘அவள்’

இருவரும் ‘அவர்’.

கைக்கிளை என்று பெயரிடுவது

‘சொல்லெதிர் பெறாஅன்’, அதாவது மறுமொழி பெறாதவனின் ஒருதலைக் காதல் என்பது தொல்காப்பியம் சொல்லும் கைக்கிளை. மாட் கான் மறுமொழி சொன்னவர். பல்லாண்டுகள் யேட்சுக்குக் கடிதம் எழுதியவர்.

எல்லாக் கவிதைகளையும் ஒரே ஏக்கமாகப் படிப்பது

1899-இல் வெளியான தொகுப்பில், காலடியில் கனவுகளை விரித்துவிட்டு மெல்ல நடக்கும்படி வேண்டுபவரின் குரல் ஒலிக்கிறது. 1903-இல் மாட் கான் ஜான் மாக்பிரைடை மணந்த பின் எழுதியவற்றில் அந்தக் குரல் இல்லை; அங்கே அதே மென்மையான சொற்களை இட்டால் கவிதை பொய்யாகும். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான ஈஸ்டர் எழுச்சியில் பங்கேற்றதற்காக மாக்பிரைட் 1916 மே மாதம் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கோடையிலேயே யேட்ஸ், மாட் கான் இருந்த பிரான்சின் நார்மண்டிக்குச் சென்று மறுபடியும் மணம் கேட்டார். மாட் கான் மறுபடியும் மறுத்தார்.