கால் பிசகினால் கிரேப் பேண்டேஜ் சுற்றுவது எப்படி: அவிழாமல், விரல் நீலமாகாமல்

படி தவறியோ, பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பள்ளத்தில் கால் வைத்தோ, செருப்பு மடங்கியோ, பாதம் உள்பக்கமாகப் புரண்டு வெளிப்பக்கக் கணுக்கால் வீங்கி உட்கார்ந்திருப்பவர்களுக்கும், பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணத்தோடு நிற்கும் அவர்கள் வீட்டுக்காரர்களுக்கும் இந்தப் பதிவு. முதலில் அந்தக் கிண்ணத்தைக் கீழே வையுங்கள், காரணம் அப்புறம் வரும்.

எங்கள் அம்மாவுக்கு இப்படி ஆனபோது டாக்டர் பார்த்துவிட்டு, எலும்புக்கு ஒன்றுமில்லை, ஜவ்வு இழுபட்டிருக்கிறது, கிரேப் பேண்டேஜ் சுற்றுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். எப்படிச் சுற்றுவது என்று அவரும் சொல்லவில்லை, மருந்துக் கடையிலும் சொல்லவில்லை. நான் சுற்றினால் ஒரு மணி நேரத்தில் குதிகாலில் வந்து தொங்கும், இறுக்கினால் விரல் மரத்துப்போகிறது என்று அம்மா கத்துவார். அந்த இடத்தைத்தான் கீழே கொஞ்சம் நீட்டி எழுதியிருக்கிறேன்.

1. எக்ஸ்ரே வேண்டுமா என்று பாருங்கள்

கனடாவில் 1992-இல் உருவாக்கிய ஒட்டாவா விதிகள் என்று ஒன்று இருக்கிறது. கணுக்கால் அடிபட்ட எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுக்காமல் யாருக்குத் தேவை என்று பிரிக்க, உலகம் முழுக்க அவசரப் பிரிவு டாக்டர்கள் பயன்படுத்துவது. சாரம் இதுதான்: அடிபட்டவுடனும் சரி, இப்போதும் சரி, நொண்டியாவது நாலு எட்டு வைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே. கணுக்காலின் இரண்டு பக்கமும் புடைத்திருக்கும் எலும்புகளின் நுனியிலோ, அவற்றின் பின்விளிம்பில் மேலே 6 செ.மீ. வரையிலோ விரலால் அழுத்தினால் உயிர் போகிறது என்றாலும் எக்ஸ்ரே. பாதத்தின் வெளி ஓரத்தில், சுண்டுவிரலுக்கும் குதிகாலுக்கும் நடுவே ஒரு எலும்பு முட்டிக்கொண்டிருக்கும், அங்கேயும் அழுத்திப் பாருங்கள், அதற்கு நேர் எதிரே உள்பக்க வளைவின் மேல்பகுதியிலும் பாருங்கள், அங்கே வலித்தாலும் எக்ஸ்ரே. வீங்கிய சதையில் வலிப்பது வேறு, எலும்பில் வலிப்பது வேறு, அதனால் எலும்பைத் தேடி அழுத்த வேண்டும்.

குழந்தைகளுக்கு இந்தக் கணக்கை நம்பி வீட்டில் உட்கார வேண்டாம், அவர்களுக்கு எலும்பு வளரும் இடமே அடிபடலாம், காட்டிவிடுங்கள். சர்க்கரை நோயால் பாதம் ஏற்கெனவே மரத்திருப்பவர்களுக்கும் அப்படியே, வலி தெரியாததை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பாதம் கோணிக்கொண்டு நின்றால், விரல்கள் சில்லிட்டு வெளுத்தால், தோல் கிழிந்து எலும்பு தெரிந்தால் இழுத்து நேராக்கப் பார்க்காதீர்கள், தலையணையோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி 108-ஐக் கூப்பிடுங்கள்.

2. கொலுசு, மெட்டியைக் கழற்றுங்கள்

ஐஸைத் தேடி ஓடுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். வீக்கம் ஏறிய பிறகு மெட்டி வராது. கழற்றக் கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் யாராவது முகம் சுளித்தால், நல்ல காலில் இருப்பது போதும், இது நாலு நாள் பூஜை அறையில் இருக்கட்டும் என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் வீட்டில் அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

3. ஐஸ்

ஐஸ் கட்டிகளோடு கொஞ்சம் தண்ணீரும் ஊற்றி பிளாஸ்டிக் பையில் கட்டினால் கணுக்காலின் வளைவுக்குத் தகுந்தபடி உட்காரும், வெறும் கட்டிகள் குத்திக்கொண்டு நிற்கும். ஈரத்துணி ஒன்றை நடுவில் வைத்து 15 முதல் 20 நிமிடம், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. தோலில் நேராக வைக்காதீர்கள், வைத்துக்கொண்டே தூங்கியும் விடாதீர்கள்.

ஓய்வு, ஐஸ், கட்டு, தூக்கி வைப்பது என்ற நாலையும் சேர்த்து 1978-இல் சூத்திரமாக்கியவர் கேப் மிர்கின் என்ற அமெரிக்க டாக்டர். அவரே 2014-இல், ஐஸ் அதிகமானால் குணமாவது தாமதப்படலாம் என்று மாற்றி எழுதினார். அதனால் ஐஸை வலி மரக்க வைக்கும் சாமான் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஓரிரு நாளுக்குப் பிறகு வலி இல்லையென்றால் ஐஸ் வைத்தே ஆக வேண்டும் என்று இல்லை.

4. பேண்டேஜ்

என்ன வாங்குவது? பருத்தி கிரேப் பேண்டேஜ், பெரியவர்களுக்கு 10 செ.மீ. அகலம், சின்னப் பாதம் என்றால் 8. கடையில் 15 செ.மீ. எடுத்துக் கொடுப்பார்கள், அது முழங்காலுக்கு, கணுக்காலில் மடிப்பு மடிப்பாக நிற்கும். மாட்டிக்கொள்ளும் ரெடிமேட் ஆங்கிள் கேப் முதல் மூன்று நாளுக்கு எனக்குப் பிடிக்கவில்லை, காலை மாலை வீக்கம் மாறிக்கொண்டே இருக்கும்போது அதைத் தளர்த்தவும் முடியாது, வலிக்கிற காலில் இழுத்து மாட்டுவதும் கொடுமை. நடக்க ஆரம்பித்த பிறகு வாங்குங்கள். கூடவே கொடுக்கும் உலோகக் கிளிப்பைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு ஒரு பேப்பர் டேப் வாங்குங்கள். கிளிப் கழன்று தரையில் விழும், அது குத்துவது உங்கள் நல்ல காலில்தான்.

இனி சுற்றுவது. சேதமான காலை நீட்டி, குதிகால் அந்தரத்தில் இருக்கும்படி கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வையுங்கள். பாதம் காலுக்குச் செங்குத்தாக, 90 பாகையில் நிற்க வேண்டும். எல்லோரும் கோட்டைவிடுவது இங்கேதான். படுத்திருப்பவரின் பாதம் தானாகவே முன்பக்கம் சாய்ந்திருக்கும், அப்படியே சுற்றிவிட்டால் அவர் எழுந்து பாதத்தை ஊன்றிய நிமிடமே கட்டு மடிந்து தொளதொளக்கும், பத்து எட்டு நடந்தால் உருவிக்கொண்டு வந்துவிடும். முடிந்தால் அவரையே ஒரு துண்டை உள்ளங்காலில் கொடுத்து இரண்டு கையாலும் லேசாகத் தன்பக்கம் இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள், நீங்கள் சுற்ற ஆரம்பித்ததும் துண்டை உருவிவிடலாம்.

அடுத்தது திசை. உருளை வெளிப்பக்கம் பார்த்தபடி, தோலை ஒட்டி உருண்டே போகட்டும், கையில் அவிழ்த்துத் தொங்கவிட்டுக்கொண்டு சுற்றினால் இழுப்பு சமமாக வராது. விரல்களுக்குக் கீழே, பாதத்தின் அகலமான இடத்தில் தொடங்கி இரண்டு சுற்று. உள்ளங்காலின் அடியில் போகும்போது பெருவிரல் பக்கத்திலிருந்து சுண்டுவிரல் பக்கமாகப் போக வேண்டும், அதாவது வெளிப்பக்கத்தைத் தூக்கிப் பிடிக்கிற மாதிரி. பாதம் உள்பக்கம் புரண்டதால்தானே ஜவ்வு இழுபட்டது, திசை மாறினால் நம் கட்டே பாதத்தை மறுபடி அந்தப் பக்கம் இழுக்கும்.

இரண்டு சுற்று முடிந்ததும் சுண்டுவிரல் ஓரத்திலிருந்து பாதத்தின் மேலே சாய்வாக ஏறி உள்கணுக்காலுக்கு வாருங்கள். அங்கிருந்து குதிகாலுக்கு மேலே, பின்பக்கமாகச் சுற்றி வெளிக்கணுக்காலுக்கு வந்து, மறுபடி பாதத்தின் மேல் சாய்வாக இறங்கி உள்பக்க வளைவுக்குப் போய், அடியில் நுழைந்து சுண்டுவிரல் பக்கம் வெளியே வாருங்கள். இது ஒரு '8' வடிவம். இதே எட்டைத் திரும்பத் திரும்பப் போடுங்கள், ஒவ்வொரு தடவையும் முந்தைய சுற்றின் பாதியை மூடியபடி கொஞ்சம் குதிகால் பக்கம் நகர வேண்டும். ஒழுங்காகப் போனால் பாதத்தின் மேல் மீன்முள் மாதிரி வரிசை தெரியும். கடைசியில் கணுக்காலுக்கு மேலே நாலு விரல் உயரத்தில் முடித்து, டேப்பை முன்பக்கம் ஒட்டுங்கள்.

இறுக்கம் எவ்வளவு? துணி நீளக்கூடிய அளவில் பாதிதான் நீள வேண்டும். விரல் பக்கம் கொஞ்சம் இறுக்கம், மேலே போகப் போகத் தளர்வு. தலைகீழாகச் செய்தால் நீர் கீழே தேங்கி விரல்கள் உப்பிவிடும். நகத்தை அழுத்தி விடுங்கள், வெளுத்த நகம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும், சுற்றி முடித்தவுடன் ஒரு தடவை, அரை மணி கழித்து ஒரு தடவை. விரல் மரத்தாலோ, ஊசி குத்துவது போல இருந்தாலோ, சில்லிட்டாலோ யோசிக்காமல் அவிழ்த்துவிட்டு மறுபடி சுற்றுங்கள். இரவு தூங்கும்போது அவிழ்த்துவிட்டு, கால் நெஞ்சுக்கு மேல் இருக்கும்படி தலையணை அடுக்கி வைத்தால் போதும்.

5. சுளுக்கு உருவலாமா?

எண்ணெய்க் கிண்ணத்துக்கு வருகிறேன். முதல் மூன்று நாள் உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும். அழுத்தி உருவுவது, வெந்நீர் ஒத்தடம், சூடாகப் பத்து போடுவது, மது எல்லாமே கசிவைக் கூட்டும். உருவியதும் சரியாகிவிட்டது என்று சொல்பவர்களுக்குப் பெரும்பாலும் அது தானாகவே ஆறுகிற சின்னச் சுளுக்காக இருக்கும். முறிவு இருப்பது தெரியாமல் உருவினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அம்மா இன்னமும் ஒத்துக்கொள்ளவில்லை, நாலாம் நாள் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டார், அழுத்தாமல் தடவுவதில் எனக்கும் சண்டை இல்லை.

வலிக்குப் பாராசிட்டமால் போதும், பெரியவர்களுக்கு எல்லா மாத்திரையும் சேர்த்து ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது, கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டு இன்னும் குறைவாக. வயிற்றுப்புண், சிறுநீரகப் பிரச்சினை, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுவது, கர்ப்பம், இவற்றில் ஏதாவது இருந்தால் கடைக்காரர் தரும் மற்ற வலி மாத்திரைகளைக் கேட்காமல் போடாதீர்கள்.

6. வீட்டுக்குள் நடமாட்டம்

படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நொந்த கால் முதலில். குச்சி ஊன்றுவதாக இருந்தால் நல்ல கால் இருக்கும் பக்கத்துக் கையில் பிடியுங்கள். தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிடாதீர்கள், வீங்கிய வெளிக்கணுக்கால் நேராகத் தரையில்தான் அழுந்தும். குந்தி உட்காரும் கழிப்பறைதான் என்றால் அதன்மேல் வைக்கிற ஓட்டை நாற்காலி வாங்கிவிடுங்கள், சுவரைப் பிடித்துக்கொண்டு சமாளிக்கிறேன் என்பது ஈரத் தரையில் வேண்டாத விளையாட்டு.

இரண்டு நாளுக்குப் பிறகு வலி விடுகிற அளவுக்கு நடங்கள், ஒரேயடியாகப் படுத்துக் கிடந்தால் மூட்டு பிடித்துக்கொள்ளும். நாற்காலியில் உட்கார்ந்து பெருவிரலால் காற்றில் அ, ஆ, இ எழுதுவது நல்ல பயிற்சி, 'இ'யின் சுழிகளில் கணுக்கால் எல்லாப் பக்கமும் திரும்பிவிடும். வலி குறைந்ததும் சுவரோரம் ஒற்றைக் காலில் 30 நொடி நிற்கப் பழகுங்கள். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், அப்புறம் அதே கால் திரும்பத் திரும்பப் பிசகுகிறது என்கிறார்கள். லேசான சுளுக்கு ஓரிரு வாரத்தில் அடங்கும், ஜவ்வு கொஞ்சம் கிழிந்திருந்தால் மூன்றிலிருந்து ஆறு வாரம் ஆகும்.

பின்னால் சேர்த்தது

மெட்டி சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். காலைப் பத்து நிமிடம் உயர்த்தி வைத்து ஐஸ் கொடுத்து, சோப்பு நுரை தடவி, சுழற்றிச் சுழற்றிக் கழற்றிப் பாருங்கள். விரல் கருத்தாலோ மரத்தாலோ மருத்துவமனையில் வெட்டி எடுத்துவிடுவார்கள், வெள்ளிதானே, போகட்டும்.

நாலாம் நாள் நீலம் குதிகாலுக்கும் விரலுக்கும் இறங்கியதைப் பார்த்து இன்னொருவர் பயந்துபோய் எழுதியிருந்தார். கசிந்த ரத்தம் கீழே வடிவதுதான், பின்னர் பச்சை, மஞ்சள் என்று மாறி மறையும். ஆனால் கெண்டைக்கால் தனியாக வீங்கி, சூடாகி, தொட்டால் வலித்தால் அது வேறு விஷயம், அன்றைக்கே காட்டுங்கள்.

ஸ்கூட்டர் எப்போது ஓட்டலாம் என்ற கேள்விக்கு: நொந்த காலை மட்டும் ஊன்றி வண்டியின் பாரத்தைத் தாங்க முடிகிற அன்று. பேண்டேஜைத் துவைத்தால் முறுக்கிப் பிழியாமல், கொடியில் தொங்கவிடாமல், நிழலில் பரப்பிக் காயவையுங்கள், இழுவை போய்விட்டால் புதிதாக வாங்குங்கள்.