சிம் எடுக்கும்போது மைக் ஓட்டையைக் குத்தாதீர்கள்

"நான் பேசுறது எதிர்ல கேக்கவே இல்லக்கா" என்று யாராவது போனை நீட்டினால், நான் முதலில் லென்ஸ் வைத்துப் பார்ப்பது மைக் ஓட்டையைத்தான். உள்ளே இருக்கும் மெல்லிய வலை கிழிந்திருந்தால் விஷயம் புரிந்துவிடும். சிம் எடுக்கப் போய் மைக்கைக் குத்தியிருக்கிறார்கள். திண்டுக்கல்லில் மொபைல் சர்வீஸ் வேலை பார்க்கிறேன். சிம் கழற்றுவதற்காக யாரும் கடைக்கு வர வேண்டியதில்லை, வீட்டிலேயே ஒரு நிமிஷத்தில் முடியும். ஆனால் எங்கே குத்துவது, எவ்வளவு அழுத்துவது, எதை உள்ளே விடக்கூடாது என்ற மூன்றும் தெரிந்திருக்க வேண்டும்.

போனில் கை வைப்பதற்கு முன் ஒரு சின்ன வேலை. போன் நம்பர்கள் சிம்மிலேயே சேமிக்கப்பட்டிருந்தால் போனுக்கோ கூகுள் கணக்குக்கோ மாற்றிவிடுங்கள். வயதானவர்களின் சிம்மில் பழைய நம்பர்கள் நிறைய இருக்கும். அப்புறம், சிம்முக்கு பின் நம்பர் பூட்டு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த போனில் போட்டதும் அதைக் கேட்கும். 3 முறை தப்பாகப் போட்டால் பியூகே நம்பர் கேட்கும், அதாவது அந்தப் பூட்டைத் திறக்க சிம் கம்பெனி தரும் நம்பர். பியூகேயை 10 முறை தப்பாகப் போட்டால் அந்த சிம் அவ்வளவுதான்.

சிம்மை உடைத்தாலோ தொலைத்தாலோ அதே நம்பருக்கு வேறு சிம் வாங்கிக்கொள்ளலாம், சரி. ஆனால் புது சிம் இயங்க ஆரம்பித்ததும் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது, போகாது. மோசடிக்காரர்கள் உங்கள் பெயரில் சிம் வாங்கிப் பணம் எடுப்பதைத் தடுக்க வைத்த விதி அது. ஆக, வங்கி ஓடிபி ஒரு நாள் முழுக்க வராது. 2024 ஜூலை 1 முதல், சிம் மாற்றினால் 7 நாட்களுக்கு நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்றவும் முடியாது. ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்ட வேண்டிய நாளில் இப்படி மாட்டிக்கொண்டு நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நகம் அளவுத் துண்டைப் பத்திரமாகக் கையாளச் சொல்வது அதனால்தான்.

இப்போது ஊசி. போன் வாங்கிய பெட்டியிலேயே சிம் பின் இருக்கும், பெரும்பாலும் மூடிக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கும் சிறு அட்டைக்குள். அது இல்லையென்றால் காகிதம் கோக்கும் ஜெம் கிளிப்பை நிமிர்த்திக்கொள்ளுங்கள். அதிலும் மெல்லியதாகப் பார்த்து எடுங்கள், தடித்தது ஓட்டைக்குள் போகாது. ஸ்டேப்ளர் பின் வளைந்துவிடும். பல்குச்சி உள்ளேயே முறிந்து ஓட்டையை அடைத்துக்கொள்ளும். ஊக்கு வேண்டவே வேண்டாம். அதன் கூர்முனை நழுவினால் போனின் ஓரத்தில் கீறல் விழும், இல்லையென்றால் விரலில் ஏறும். இங்கே தேவை மழுங்கிய முனை.

எந்த ஓட்டை? கவரைக் கழற்றிவிட்டு, வெளிச்சத்தில் போனின் நான்கு ஓரங்களையும் பாருங்கள். சிம் உட்காரும் குட்டித் தட்டான ட்ரே இருக்கும் இடத்தில் நீள்வட்டமாக ஒரு மெல்லிய கோடு தெரியும். அந்தக் கோட்டுக்குள் இருக்கும் ஓட்டைதான் சிம் ஓட்டை. சுற்றிலும் கோடு எதுவும் இல்லாமல் தனியாக இருக்கும் ஓட்டை மைக். சார்ஜ் போடும் இடத்துக்குப் பக்கத்திலேயே ட்ரேயும் மைக்கும் அருகருகே இருக்கும் போன்களில்தான் அதிகம் தவறு நடக்கிறது. ஐபோனில் 11 வரை ட்ரே வலது பக்கம், 12 முதல் இடது பக்கம். எஸ்இ மாடல்களில் மட்டும் வலது பக்கமே.

வெளிநாட்டுப் பிள்ளைகள் கொண்டுவந்து கொடுத்த போன் என்றால் இதையும் கவனியுங்கள். அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் 2022இல் வந்த 14 மாடல் முதல் ட்ரேயே கிடையாது, எல்லாம் இசிம்தான், அதாவது தனித் துண்டாக இல்லாமல் போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் சிம். அதில் ஓட்டை தேடி எங்கும் குத்திவிடாதீர்கள். உங்கள் நம்பரை இசிம்மாக மாற்றித்தான் அதில் போட முடியும்.

ஓட்டை கிடைத்துவிட்டதா? போனை அணைத்துவிடுங்கள். சிம்முக்கு இது கட்டாயமில்லை, ஆனால் அதே ட்ரேயில் மெமரி கார்டும் இருந்தால், எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கப்பட்டுப் படங்கள் கெட்டுப்போக வாய்ப்புண்டு. மேஜையில் ஒரு துண்டு விரித்து, திரை மேலே பார்க்கும்படி போனை வையுங்கள். ஊசியை நேராக, ஓரத்துக்குச் செங்குத்தாக விட்டு அழுத்துங்கள். உள்ளே ஒரு சின்ன நெம்புகோல் இருக்கிறது. ஒரு முனையை ஊசி தள்ளினால் மறுமுனை ட்ரேயை வெளியே தள்ளும். ஊசி சாய்ந்திருந்தால் அந்த நெம்புகோலில் படாமல் பக்கச் சுவரில் முட்டும். எவ்வளவு அழுத்தியும் அசையவில்லை என்றால் வலுவைக் கூட்டாதீர்கள். ஊசியை வெளியே எடுத்து, நேராகப் பிடித்து மறுபடி விடுங்கள்.

ட்ரே கொஞ்சம் எட்டிப் பார்த்ததும் நகத்தால் பிடித்து நேராக இழுங்கள், மேலும் கீழும் ஆட்ட வேண்டாம். பல ட்ரேக்களில் மேல்பக்கம் ஒரு சிம், அடிப்பக்கம் இன்னொரு சிம் இருக்கும். அடியில் இருப்பது விழுந்து உருண்டு கட்டிலுக்கடியில் போய்விடாமல் இருக்கத்தான் துண்டு விரிக்கச் சொன்னேன். தண்ணீர் புகாத போன் என்றால் ட்ரேயின் கழுத்தில் மெல்லிய ரப்பர் வளையம் இருக்கும். அது இடம் மாறினாலும் கிழிந்தாலும் தண்ணீர் உள்ளே போக வழி ஆகிவிடும்.

இனி நான் மிகவும் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். சிம் சாக்கெட்டுக்குள் தங்கப்பூச்சு போட்ட குட்டி ஸ்பிரிங் பின்கள், வழக்கமாக 6 இருக்கும். சிம்மை லேசாக அழுத்திப் பிடிக்க வளைந்து நிற்பவை. மிகச் சிறிய நானோ சிம்மை, அதைவிடப் பெரிய மைக்ரோ சிம் அளவாக்கும் பிளாஸ்டிக் அடாப்டரைக் காலியாக உள்ளே விட்டால், நடுவில் இருக்கும் வெற்றிடத்துக்குள் இந்தப் பின்கள் எழுந்து நின்றுகொள்ளும். போகும்போது சுலபமாகப் போகும். இழுக்கும்போது அடாப்டரின் விளிம்பு பின்களில் மாட்டிப் பிய்த்துக்கொண்டு வரும். அப்புறம் சூடான காற்று ஊதும் ஹாட் ஏர் கருவி வைத்து சாக்கெட்டையே போர்டிலிருந்து எடுத்து மாற்ற வேண்டும். மாட்டிக்கொண்டது தெரிந்தால் இழுக்காமல் அப்படியே சர்வீஸ் கடைக்குக் கொண்டுவாருங்கள். அப்போது பின்களைக் காப்பாற்ற வாய்ப்பு இருக்கிறது.

பழைய சிம்மைக் கத்தரியால் வெட்டி நானோவாக்கிப் போட்டிருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். பழைய சிம் 0.76 மிமீ தடிமன், நானோ 0.67 மிமீ. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, உள்ளே இறுகிவிடும். அதற்குப் பதிலாக சிம் கம்பெனி கடையில் சரியான நானோ சிம்மாகவே மாற்றி வாங்குங்கள், 24 மணி நேர எஸ்எம்எஸ் தடையை மனதில் வைத்து நாள் பார்த்து.

ட்ரே வந்து, சிம் மட்டும் உள்ளே தங்கிவிட்டால் கத்தி, இடுக்கி எதையும் விடாதீர்கள். ட்ரே போகும் வாய் கீழே பார்க்கும்படி போனைப் பிடித்து, முதுகில் உள்ளங்கையால் மெதுவாகத் தட்டுங்கள். விழவில்லை என்றால் நீங்களே எதுவும் செய்யாமல் சர்வீஸ் கடைக்குக் கொண்டுவாருங்கள்.

பட்டன் போனுக்கு ஊசி வேலையே இல்லை. மூடியைத் திறந்து பேட்டரியை எடுத்தால் சிம் தெரியும். சில போன்களில் அப்படியே தள்ளி எடுக்கலாம், சிலவற்றில் தகடு மூடியைப் பக்கவாட்டில் நகர்த்தித் தூக்க வேண்டும். தகட்டில் அம்புக்குறி இருக்கும்.

திரும்பப் போடும்போது சிம்மின் வெட்டிய மூலையும் ட்ரேயின் வெட்டிய மூலையும் ஒன்றாகப் பொருந்த வேண்டும். ட்ரே ஓரத்தோடு சமமாக உட்காரும்வரை தள்ளுங்கள். சிம் இல்லை என்று திரை சொன்னால் வெளியே எடுத்து, தங்கப் பக்கத்தைக் காய்ந்த மெல்லிய துணியால் துடைத்து மறுபடி போட்டுப் பாருங்கள்.

போனை விற்பவர்கள், எக்ஸ்சேஞ்ச் போடுபவர்கள் ட்ரேயின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கொடுங்கள். சிம்மை மட்டும் எடுத்துக்கொண்டு குடும்பப் படங்கள் இருக்கும் மெமரி கார்டை அதிலேயே விட்டுவிட்டுப் போகிறவர்கள் நிறைய. காலி ட்ரேயையும் போனிலேயே மாட்டிக் கொடுங்கள், மாடலுக்கு மாடல் அது மாறும்.