ஜாப் ஒர்க் சங்கிலிக்கு நெகிழ்வான பணியோட்டம் அமைக்கும் முறை

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி ஆர்டர் பெரும்பாலும் ஒரே கூரையின் கீழ் முடிவதில்லை. நூல் நிட்டிங்கில் துணியாகிறது. துணி சாயப்பட்டறைக்கும், பின்னர் சுருங்காதபடி அதை அழுத்திச் சீராக்கும் காம்பாக்டிங்குக்கும் போய், கட்டிங், பிரிண்டிங், தையல் என்று வெவ்வேறு முதலாளிகளின் கைகளில் மாறுகிறது. இப்படிப் பிறருடைய பொருளில் கூலிக்குச் செய்து கொடுக்கும் வேலையே ஜாப் ஒர்க். இத்தனை பேரையும் ஒரே மென்பொருளை வாங்கச் சொல்ல முடியாது. ஆகவே அவரவர் மென்பொருளை அவரவரே வைத்துக்கொண்டு, பிறருக்குத் தேவையானதை மட்டும் சேவைகளாகத் திறந்துவிடும் கட்டமைப்பே இங்கே பொருந்தும். அந்தச் சேவைகளை வரிசைப்படுத்தி இணைப்பதே பணியோட்டம்.

ஒரு நிறுவனத்தின் எல்லையைக் கடந்து பிறருக்குச் செல்லும் தகவல் எது என்பதை முதலில் எழுதி முடிவு செய்யுங்கள். எந்த மெஷினில் எந்த லாட்டை (ஒன்றாகச் சாயமிடும் துணித் தொகுப்பை) ஏற்றுவது என்பது சாயப்பட்டறையின் சொந்த விஷயம். அது வெளியே தெரிய வேண்டியதில்லை. லாட்டை ஏற்றுக்கொள்வது, ஷேட் (நிறச்சாயல்) ஒப்புதல் கேட்பது, முடிந்த துணியை அனுப்புவது ஆகிய மூன்றும் தெரிந்தாக வேண்டும். இந்த மூன்றுக்குமான செய்தி வடிவங்களில் எடை, ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை), ஷேட் குறியீடு ஆகியவற்றை அலகுகளோடு வரையறுங்கள். பின்னாளில் செய்தியில் புதிய தகவல் புலம் தேவைப்பட்டால் அதைக் கட்டாயமாக்காமல் சேருங்கள். அப்போதுதான் பழைய பதிப்பை வைத்திருப்பவரின் வேலை நிற்காது.

ஓர் ஆர்டர் பல லாட்டுகளாகப் பிரிவதால் ஒவ்வொரு செய்தியும் ஆர்டர் எண்ணையும் லாட் எண்ணையும் சுமந்து வர வேண்டும். ஒரே செய்தி இருமுறை வந்தாலும் ஒருமுறை மட்டுமே செயல்பட வேண்டும். சாயமிடல் நாள்கணக்கில் நடக்கும் வேலை என்பதால், கோரிக்கை வந்ததும் ரசீது மட்டும் கொடுத்து, முடிவைப் பிறகு தனிச் செய்தியாக அனுப்பும்படி வடிவமையுங்கள்.

மிகுந்த கவனம் தேவைப்படுவது தோல்வியைக் கையாள்வதில்தான். நீண்ட பரிவர்த்தனையைச் சிறு படிகளாக்கி, ஒவ்வொரு படிக்கும், பின்னர் தோல்வி நேர்ந்தால் அதன் விளைவை ஈடுசெய்யும் செயலை வைக்கும் சாகா முறையை ஹெக்டர் கார்சியா மோலினாவும் கென்னத் சேலமும் 1987இல் முன்வைத்தனர். ஆனால் சாயம் ஏறிய துணியைத் தரவுத்தளப் பதிவைப் போல அழித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. ஷேட் தவறினால் அடர்நிறத்தில் மறுசாயம் இடுவதா, வேறு ஆர்டருக்குத் திருப்புவதா, கூலியில் கழிப்பதா என்பதை நிரலாளர் தீர்மானிக்கக்கூடாது. இரு தரப்பு மேலாளர்களும் முன்கூட்டியே பேசி, அந்தத் தீர்மானத்தையே பணியோட்டத்தின் கிளைகளாக வரைய வேண்டும்.

பட்டறையை மாற்றும் வசதிக்காக, பணியோட்டத்தில் நிறுவனத்தின் பெயரை எழுதாமல் ‘சாயமிடல்’ என்ற சேவையை எழுதி, முகவரியை இயங்கும் நேரத்தில் நிரப்புங்கள். பணியோட்டங்களை எழுதப் பயன்படும் பிபெல் (BPEL) மொழியிலும் இதற்கு இடமுண்டு. எனினும் ஒரே ஷேட்டை இரு பட்டறைகளில் பிரித்துப் போட்டால் நிறம் ஒத்துவராமல் போகலாம். எனவே சாயமிடத் தொடங்கிய பின் மாற்றக்கூடாது என்ற விதியும் உடனிருக்கட்டும்.

சலான் (சரக்கோடு செல்லும் அனுப்புச் சீட்டு) போட்டுச் சரக்கு கிளம்பும்போதே ஒரு கால எண்ணியைத் தொடங்குங்கள். ஜிஎஸ்டி சட்டத்தின் 143ஆம் பிரிவின்படி, ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய உள்ளீட்டுப் பொருள் 1 ஆண்டுக்குள் திரும்பியோ அங்கிருந்தே விற்பனைக்குச் சென்றோ ஆக வேண்டும்; அப்படி ஆகாமல், நீட்டிப்பும் பெறாத நிலையில், அனுப்பிய நாளிலேயே வழங்கல் (சப்ளை) நடந்ததாகக் கொள்ளப்படும்.

சோதனையை நிட்டிங்குக்கும் சாயப்பட்டறைக்கும் இடையே மட்டும் தொடங்கி, ஒரு லாட்டின் ஷேட்டை வேண்டுமென்றே நிராகரித்து, இரு பக்கக் கணக்கும் ஒரே எடையைக் காட்டுகிறதா என்று பார்த்த பிறகே அடுத்த பட்டறையை இணையுங்கள்.