அமெரிக்கத் தேர்தலைப் பாடமாக எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒப்பீட்டு அரசியல் பாடத்தில் அமெரிக்காவைப் பற்றிய பகுதியை முதன்முதலாக நடத்திய ஆண்டில், விடைத்தாள் கட்டைத் திருத்த உட்கார்ந்தபோது, பாதிக்கு மேற்பட்ட மாணவர்கள் "அமெரிக்காவில் தேர்தலைக் கூட்டாட்சித் தேர்தல் ஆணையம் நடத்துகிறது" என்று ஒரே மாதிரியாக எழுதியிருந்தார்கள். பிழை அவர்களுடையது அன்று, என்னுடையது. நம் அரசமைப்புச் சட்டத்தின் 324ஆம் பிரிவு தேர்தல் ஆணையத்துக்குத் தரும் அதிகாரத்தை முதல் நாள் விளக்கிவிட்டு, மறுநாள் அமெரிக்காவுக்குத் தாவினேன்; அங்கும் அதே பெயரில் ஓர் அமைப்பு இருக்கவே, பெயரைக் கண்டு பணியையும் அவர்கள் ஊகித்துக்கொண்டார்கள்.

உண்மையில் 1974ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அந்த ஆணையத்தின் வேலை, கூட்டாட்சிப் பதவிகளுக்கான தேர்தல்களில் புழங்கும் பணத்தைக் கண்காணிப்பதுதான். வாக்காளர் பதிவு, வாக்குச்சீட்டு, வாக்குச்சாவடி, எண்ணிக்கை ஆகியவை மாநிலச் சட்டங்களின்படி, பெரும்பாலும் கவுன்டி எனப்படும் வட்டார நிர்வாகங்களின் கையில் நடக்கின்றன. வடக்கு டகோட்டாவில் வாக்காளர் பதிவு என்ற நடைமுறையே கிடையாது. 2000ஆம் ஆண்டில் ஃபுளோரிடாவின் பாம் பீச் கவுன்டியில் வேட்பாளர் பெயர்களை இரு பக்கமும் அச்சிட்டு, துளையிடும் இடங்களை நடுவில் வைத்த வாக்குச்சீட்டு வாக்காளர்களைக் குழப்பியதே, அதை வடிவமைத்தவர் அந்தக் கவுன்டியின் தேர்தல் அதிகாரி. அந்த மாநிலத்தின் முடிவும், அதன்வழி நாட்டின் அதிபர் யார் என்பதும், கடைசியில் 537 வாக்கு வித்தியாசத்தில் தீர்மானமாயின. இந்தச் செய்தியோடு பாடத்தைத் தொடங்கினால், "தேர்தலை நடத்துவது யார்" என்ற கேள்வியின் கனம் மாணவர்களுக்குத் தானாகவே புரிந்துவிடுகிறது.

மொழிபெயர்ப்பும் நம் காலை வாரிவிடும். அங்குள்ள மாநில ஆளுநர் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுபவர். நம்மூர் ஆளுநரை மனத்தில் வைத்துப் படிக்கும் மாணவருக்கு எல்லாம் தலைகீழாகிவிடும். 'செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்' என்ற ஒரே பதவிப் பெயரைத் தாங்கிய இருவரில், வாஷிங்டனில் இருப்பவர் வெளியுறவைக் கவனிப்பவர் என்பதையும், மாநிலத்தில் இருப்பவர் பெரும்பாலான மாநிலங்களில் தேர்தல் நிர்வாகத்தின் தலைவர் என்பதையும் முதல் வகுப்பிலேயே பிரித்துச் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த தவறு, மாநிலவாரியாகத் தேர்வாகி அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களைக் கொண்ட அதிபர் தேர்வாளர் குழுவை வெறும் கணக்காக நடத்திவிடுவது. மொத்தம் 538, வெற்றிக்கு 270 என்று மனப்பாடம் செய்த மாணவர், 2016இல் ஹிலாரி கிளின்டன் சுமார் 28 லட்சம் வாக்குகள் கூடுதலாகப் பெற்றும் ஏன் தோற்றார் என்று கேட்டால் விழிப்பார். மாநிலத்தில் முதலிடம் பிடிப்பவருக்கே அதன் தேர்வாளர் அனைவரும் என்ற முறை அரசமைப்புச் சட்டத்தில் எங்கும் இல்லை. அது 48 மாநிலங்களும் தலைநகர் மாவட்டமும் தத்தம் சட்டத்தால் ஏற்றுக்கொண்ட வழக்கம். மெய்னும் நெப்ராஸ்காவும் தேர்வாளர்களைப் பிரித்துக் கொடுக்கின்றன. அதேபோல, "பாமர மக்களிடம் நம்பிக்கை இல்லாததால் இந்தக் குழுவை ஏற்படுத்தினார்கள்" என்ற ஒற்றைக் காரணத்தோடு நிறுத்துவதும் சரியன்று. நேரடித் தேர்தல் என்றால், வாக்குரிமை இல்லாத அடிமைகளைப் பெருமளவில் கொண்டிருந்த தென் மாநிலங்களுக்குச் செல்வாக்கு இராது என்று அரசமைப்புச் சட்டத்தை வகுத்த 1787ஆம் ஆண்டு மாநாட்டில், அதை வகுத்தவர்களில் முக்கியமானவரான ஜேம்ஸ் மேடிசனே வெளிப்படையாகக் குறிப்பிட்டார். அடிமைகளில் ஐந்தில் மூன்று பங்கினரைக் மக்கள்தொகைக் கணக்கில் சேர்த்துப் பிரதிநிதிகள் அவையில் பெற்ற இடங்கள், தேர்வாளர் எண்ணிக்கையிலும் அந்த மாநிலங்களுக்குப் பலம் சேர்த்தன. இதைச் சொல்லாமல் விட்டால் பாடம் பாதியில் நின்றுவிடுகிறது.

பிரதிநிதித்துவத்தைப் பற்றிப் பேசும்போது, பல்லியைப் போல வளைந்து நெளிந்த தொகுதி வரைபடம் ஒன்றைக் காட்டி, 1812இல் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் கெர்ரியின் பெயரால் 'ஜெர்ரிமாண்டர்' என்ற சொல், அதாவது கட்சி ஆதாயத்துக்கு ஏற்பத் தொகுதி எல்லைகளை வரைவதைக் குறிக்கும் சொல், பிறந்த கதையைச் சொல்லி முடித்துவிடுகிறோம். கதை சுவையானது, ஆனால் கோணலான வடிவம்தான் முறைகேட்டின் அடையாளம் என்ற தவறான எண்ணத்தை அது விதைத்துவிடுகிறது. நான் இப்போது மேசைமேல் ஐந்து பத்தி, மூன்று வரிசையாகப் பதினைந்து கட்டம் போட்டு, இடப்புறத்து மூன்று பத்திகளில் ஒன்பது புளியங்கொட்டைகளையும் வலப்புறத்து இரண்டு பத்திகளில் ஆறு சோழிகளையும் வைக்கச் சொல்கிறேன். மூன்று கட்டம் ஒரு தொகுதி. பத்தி பத்தியாகப் பிரித்தால் புளியங்கொட்டைக்கு மூன்று இடம், சோழிக்கு இரண்டு. இடப்புறத்து முதல் இரண்டு பத்திகளை மட்டும் அப்படியே வைத்துவிட்டு, எஞ்சிய ஒன்பது கட்டங்களையும் வரிசை வரிசையாகப் படுக்கைவாட்டில் பிரித்தால், ஒவ்வொரு வரிசையிலும் ஒரு புளியங்கொட்டைக்கு இரண்டு சோழி. ஆக மூன்று இடமும் சோழிக்கே போய்விடுகின்றன. ஒரு கொட்டைகூட இடம் மாறவில்லை, கோடு எதுவும் வளையவுமில்லை. மாணவர்கள் மறுபடி மறுபடி எண்ணிப் பார்க்கும் அந்த இரண்டு நிமிடம், என் ஒரு மணி நேர விரிவுரையைவிட மேலானது என்பது என் உறுதியான எண்ணம். அதற்குப் பிறகு, கட்சி ஆதாயத்துக்காகக் கோடு போடுவது கூட்டாட்சி நீதிமன்றங்கள் தீர்க்கக்கூடிய கேள்வி அன்று என 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் படிக்கும்போது, அவர்களே வாதாடத் தொடங்குகிறார்கள். மாநில எல்லைகள் மாறாதவை என்பதால் இந்த உத்தி மேலவையான செனட்டின் தேர்தலுக்குப் பொருந்தாது. அங்கே சிக்கல் வேறு: ஆறு லட்சத்துக்கும் குறைவான மக்கள் உள்ள வயோமிங்குக்கும், ஏறத்தாழ நான்கு கோடிப் பேர் உள்ள கலிஃபோர்னியாவுக்கும் இரண்டிரண்டு செனட்டர்கள்.

வாக்குரிமை வரலாற்றை 1870 (இனத்தைக் காரணம் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்ற பதினைந்தாம் திருத்தம்), 1920 (பெண்களுக்கு வாக்குரிமை), 1965 (வாக்குரிமைச் சட்டம்) என்று ஏணிப்படியாக அடுக்குவது, எல்லாவற்றிலும் என்னை அதிகம் வருத்தும் தவறு. கிடைத்த உரிமை பறிபோனதும் அந்த வரலாற்றில்தான் இருக்கிறது. நியூ ஜெர்சியில் சொத்துள்ள பெண்கள் வாக்களித்துவந்த உரிமை 1807இல் பறிக்கப்பட்டது. லூசியானாவில் 1896இல் 1 லட்சத்து 30 ஆயிரத்துக்கு மேல் இருந்த கறுப்பின வாக்காளர் பதிவு, எழுத்தறிவுச் சோதனை, சொத்துத் தகுதி போன்ற விதிகளால் 1904க்குள் சுமார் 1,300ஆகச் சுருங்கியது. பதினைந்தாம் திருத்தம் அத்தனை ஆண்டுகளும் சட்டப் புத்தகத்தில் அப்படியேதான் இருந்தது. இந்த இரண்டு எண்களையும் கரும்பலகையில் அருகருகே எழுதிவிட்டு, நான் சிறிது நேரம் பேசாமல் நிற்பது வழக்கம்.

சீர்திருத்தத்தை வெறும் விருப்பப் பட்டியலாக நடத்துவதையும், ஆசிரியர் தம் கட்சி நோக்கை அதில் ஏற்றுவதையும் தவிர்க்க வேண்டும். நடைமுறைக்கு வந்த ஒன்றை எடுத்து ஆராய்வதே நல்லது. வேட்பாளர்களை முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என வரிசைப்படுத்தி வாக்களிக்கும் தரவரிசை வாக்குமுறைக்கு மெய்ன் மாநில வாக்காளர்கள் 2016இல் ஒப்புதல் அளித்தார்கள். 2018இல் பிரதிநிதிகள் அவைக்கான அதன் இரண்டாம் தொகுதியில் முதல் எண்ணிக்கையில் குடியரசுக் கட்சியின் புரூஸ் பொலிக்வின் முந்தினார். ஆனால் பாதியைத் தாண்டவில்லை. கடைசி இடங்களில் இருந்த இருவரின் வாக்குச்சீட்டுகளில் அடுத்த விருப்பங்களை எண்ணியபோது ஜனநாயகக் கட்சியின் ஜேரட் கோல்டன் வென்றார். முதலில் முந்தியவரே வென்றிருக்க வேண்டும் என்று வகுப்பில் ஒரு பாதி வாதிடும். பெரும்பான்மை என்றால் பாதியைத் தாண்ட வேண்டாமா என்று மறுபாதி கேட்கும். இரு தரப்பும் இடம் மாறி உட்கார்ந்து, எதிர்த் தரப்பின் வாதத்தை எழுதித் தரும்வரை என் கருத்தை நான் சொல்வதில்லை.