பாம்பன் கரையில் ஒரு காதல் நகைச்சுவை நாவல்: எழுதுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

நண்பர்கள் காதலர்களாகும் நாவலின் முடிவு வாசகருக்கு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். அதற்குப் பிறகும் அவர் படிப்பது இரண்டு கேள்விகளுக்காக: இத்தனை வருஷம் இவர்கள் ஏன் சேரவில்லை, இப்போது எது மாறியது? பல கைப்பிரதிகளில் இந்த இரண்டுக்குமே ஊர் பதில் சொல்வதில்லை. கடல் அட்டைப்படத்தோடு நின்றுவிடுகிறது. அதே கதையைக் கோயம்புத்தூருக்குத் தூக்கிப் போனாலும் ஒரு வரி மாறாது. இந்தத் தவறுதான் மற்ற பல தவறுகளுக்கும் தாய்.

பாம்பன் இருக்கும் இராமேஸ்வரம் தீவையே எடுத்துக்கொள்வோம். அங்கே விசைப்படகுகள் திங்கள், புதன், சனியில் கடலுக்குப் போகும். மற்ற நாள்கள் நாட்டுப்படகுகளுக்கு. இது நீண்டகால ஏற்பாடு. விசைப்படகின் இழுவலை, நாட்டுப்படகுக்காரர் போட்டிருக்கும் வலையை அறுத்துக்கொண்டு போய்விடும் என்பதால் வந்த ஏற்பாடு. நாயகன் விசைப்படகு வீட்டுப் பையன், நாயகி நாட்டுப்படகு வீட்டுப் பெண் என்று வைத்துப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். ஆனால் இரண்டு வீட்டுக்கும் தீராத வலைக் கணக்கு. ஒரு வீட்டுக்கு ஓய்வு நாள் இன்னொரு வீட்டுக்கு வேலை நாள். திங்கள் போன விசைப்படகு செவ்வாய்க் காலை கரைக்கு வந்தால், அவன் ஏலத்தில் நிற்பான். அவள் வீட்டுப் படகு அன்றைக்குத்தான் புறப்படும். இருவரும் சந்திக்க ஒரு பொய் தேவைப்படுகிறது, ஒரு பொய்யைக் காக்க இன்னும் மூன்று பொய்கள். நகைச்சுவை இப்படி வர வேண்டும். கால் வழுக்கி மீன் கூடையில் விழுவதெல்லாம் ஒரு பக்கத்துக்கு மேல் தாங்காது.

நாயகிக்கு மீன் விற்கும் வேலை மட்டுமே உண்டு என்று நினைத்துவிடுவதும் வழக்கம். பாம்பன் பக்கத்தில் கடற்பாசி எடுப்பதும் வளர்ப்பதும் பெண்கள் செய்யும் தொழில். மூங்கில் மிதவையில் கட்டிய பாசி ஏறக்குறைய 45 நாளில் அறுவடைக்கு வரும். அந்த 45 நாளை நாவலின் ஒரு பகுதிக்கு அளவாக வையுங்கள்: மிதவை கட்டும்போது நண்பர்கள், அறுக்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாதவர்கள்.

அடுத்தது உறவு முறை. சிறிய மீனவ ஊரில் ஏறக்குறைய எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு முறை. இவர்கள் மாமன் மகள், அத்தை மகன் என்றால் ஊர் எப்போதோ கல்யாணம் பேசியிருக்கும். அண்ணன் தங்கை முறை என்றால் காதல் என்ற பேச்சுக்கே இடமில்லை. இதைத் தீர்மானிக்காமல் பத்து அத்தியாயம் எழுதினால், உள்ளூர் வாசகர் மூன்றாம் அத்தியாயத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார். முறை இருந்தும் சின்ன வயதிலிருந்தே “இவனையா? போங்க அத்தை!” என்று இருவரும் மறுத்து வந்தவர்கள் என்று வைப்பது நல்ல வழி. ஊர் முழுக்கக் கேட்கச் சொன்ன மறுப்பைத் திரும்பப் பெறுவது எவ்வளவு கூச்சம்! அந்தக் கூச்சம் பாதி நாவலைச் சுமக்கும். நாயகி ஐஸ் கம்பெனிக் கணக்கர் வீட்டுப் பெண், வெளியூரிலிருந்து வந்த குடும்பம் என்பது இன்னொரு வழி. ஆனால் அப்போது சாதியையும் மதத்தையும் எழுதாமல் தப்பிக்க முடியாது.

காதல் தொடங்கும் இடத்தில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். திருவிழாவில் அவள் பட்டுச் சேலை கட்டி வருகிறாள், அவன் வாயடைத்து நிற்கிறான். பதினைந்து வருஷம் பார்த்த முகம் ஒரு சேலையில் புதிதாகிவிடாது. மாற வேண்டியது தோற்றம் அல்ல, அவளைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது. கடன் கொடுத்த தரகர் மீனுக்கு அடிமாட்டு விலை சொல்கிறார். அவன் அப்பாவே வாய் திறக்காத இடத்தில், அவனுக்காக அவள் நின்று பேசுகிறாள். இது போதும்.

எழுதத் தொடங்குமுன் ஒரு பட்டியல் போடுங்கள்: அவனைப் பற்றி அவளுக்கு மட்டுமே தெரிந்த பத்து விஷயங்கள். ஆறைக் கேலிக்குச் செலவழியுங்கள். மூன்றை அவள் அன்பின் சாட்சியாகப் பிற்பாதிக்கு வையுங்கள். மிச்சமுள்ள ஒன்றை, சண்டையில் அவள் சொல்லியிருக்கக் கூடாத சொல்லாக ஆக்குங்கள். முப்பது அத்தியாய நாவலில் முதல் சலனம் ஆறாம் அத்தியாயத்துக்குள் வந்துவிட வேண்டும்; பெரும் பிரிவு இருபத்திரண்டை ஒட்டி. அதற்கு முன்பே பிரித்தால் பிற்பாதி அழுகையில் இழுக்கும்.

பிரிவுக்குக் காரணமாக, யாரோடோ பேசுவதைத் தூரத்தில் பார்த்துத் தப்பாக நினைத்தான் என்று எழுதாதீர்கள். இவர்கள் நண்பர்கள், நேராகப் போய்க் கேட்டுவிடுவார்கள். இழப்பு நிஜமாக இருக்க வேண்டும். அறுந்த வலைக்கு நஷ்டஈடு கேட்டு அவள் அப்பா புகார் கொடுக்கிறார், அறுத்தது அவன் வீட்டுப் படகு. இங்கே யாரும் வில்லன் இல்லை, ஆனால் இருவரும் ஒரு பக்கம் நின்றாக வேண்டும்.

புயலில் போய்க் காப்பாற்றும் உச்சக்கட்டமும் வேண்டாம். பலத்த காற்று எச்சரிக்கை வந்தால் மீன்வளத் துறை டோக்கன், அதாவது கடலுக்குப் போகும் அனுமதிச் சீட்டு, கொடுக்காது. அதை மீறிப் போகிறவனை ஊர் வீரன் என்று சொல்லாது, திட்டும். இலங்கைக் கடற்படைக் கைதை ஒரு திருப்பத்துக்காக நுழைத்து இரண்டு அத்தியாயத்தில் விடுவித்துவிடுவது இன்னும் மோசம். படகை இழந்து, மாதக்கணக்கில் சிறையில் ஆள் இருக்கும் வீடுகள் அந்தக் கரையில் உண்டு. அதை எழுதினால் முழுதாக எழுதுங்கள். மீன் நாற்றத்தை வைத்துச் சிரிப்பு மூட்டுவதும் வெளியாள் பார்வைதான். அந்த வாடையில் வாழ்கிறவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை.

தகவல் பிழைகள் சில. 2022 டிசம்பர் கடைசியிலிருந்து 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கும் வரை பாம்பன் பாலத்தில் பயணிகள் ரயில் ஓடவில்லை. 2023இல் நடக்கும் கதையில், ரயிலில் வரும் நாயகியின் தோழி பாலத்துக்கு முன்பே இறங்கி, சாலை வழியாகத்தான் தீவுக்கு வர வேண்டும். வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக் காற்றில் தீவின் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கியிருக்கும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும்போது இது மாறும். எந்தக் கரையில் காட்சி என்று எழுதாமல் “அமைதியான கடல்” என்று எழுதினால் பாதி நேரம் தப்பு. கதையை நாகப்பட்டினத்துக்கு மாற்றினால் சூரியனைக் கடலில் மறைய விடாதீர்கள், அங்கே அது நிலத்துப் பக்கம் மறையும்.

கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அப்போது கடலே வெறிச்சோடும் என்று எழுதுவது தவறு. தடை விசைப்படகுக்கு, நாட்டுப்படகுகள் போகும், மீன் விலையும் ஏறும். அவன் கையில் காசில்லாமல் கரையேற்றிய படகுக்குப் பெயிண்ட் அடிக்கிறான், அவள் வீட்டில் வரவு. இந்த நாவலுக்கு இதைவிடப் பொருத்தமான காலம் கிடையாது. தடை முடிகிற நாளையே காதலைச் சொல்ல வைக்கும் கெடுவாக்குங்கள்: ஐஸ் ஏற்ற வேண்டும், டீசல் பிடிக்க வேண்டும், டோக்கன் வாங்க வேண்டும், ஆள்கள் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் யாராவது குறுக்கே வரட்டும். மூன்றாம் முறை வருவது அவள் அப்பாவாக இருக்கட்டும்.