டெட் பூல் ஆடுறது எப்படி? சித்திரகுப்தன் நோட்டுக்குள்ள எட்டிப் பாக்க ஆசைப்படுறவங்களுக்கு

முதல்லயே சொல்லிடுறேன், இது கொஞ்சம் கோக்குமாக்கான வெளையாட்டு. வருஷ ஆரம்பத்துல ஆளுக்கு பத்து பிரபலங்க பேரை எழுதிக் குடுக்கணும், வருஷம் முடியறதுக்குள்ள அதுல யார் யார் போய்ச் சேர்றாங்களோ அதுக்குத் தகுந்தாப்ல பாயிண்ட். அவ்ளோதான் கேம். "வாயைக் கழுவுடா"ன்னு சொல்றவங்க இப்பவே கெளம்பிடலாம், தப்பா எடுத்துக்க மாட்டேன், எங்கக்கா இன்னிக்கு வரைக்கும் என்கிட்ட அதைத்தான் சொல்லிட்டு இருக்கு.

ஆனா இன்டர்நெட் வந்ததுக்கு அப்புறம் பொறந்த வக்கிரம்னு மட்டும் நெனைக்காதீங்க. ஒரு போப் எத்தனை நாளைக்கு இருப்பாருன்னு பெட் கட்டுறது ரோம்ல ஒரு காலத்துல சர்வசாதாரணம். 1591 மார்ச்ல போப் பதினாலாம் கிரிகோரி கடுப்பாகி, இனிமே எவனாவது இப்படி பெட் கட்டுனா சபையை விட்டே தள்ளி வெச்சிருவேன்னு உத்தரவு போட்டாரு. அதே வருஷம் அக்டோபர்ல அவரே போயிட்டாரு. அவர் பேர்ல யாராவது ரகசியமா பெட் கட்டியிருந்தா நல்ல வசூல்.

ஸ்டெப் 1: ஆள் புடிங்க

அஞ்சு பேர்ல இருந்து பத்து பேர் போதும். சமீபத்துல வீட்ல சாவு பாத்தவங்களைக் கூப்பிடாதீங்க, அவங்களே கேட்டாலும் அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு சொல்லிருங்க. காசு வெச்சு ஆடாதீங்க. 18-ம் நூற்றாண்டு இங்கிலாந்துல யாருன்னே தெரியாதவங்க பேர்லயும் பிரபலங்க பேர்லயும் லைஃப் இன்சூரன்ஸ் எடுத்து வெச்சுக்கிட்டு எப்போ சாவாங்கன்னு காத்துக்கிட்டு இருந்தாங்க, அந்தக் கூத்து தாங்காமதான் 1774-ல ஒரு சட்டம் போட்டு, ஒருத்தர் உயிரோட இருக்கறதுல உனக்கு எந்த சம்பந்தமும் இல்லைன்னா அவர் பேர்ல பாலிசி எடுக்கக் கூடாதுன்னாங்க. காசு உள்ள வந்தா மனுஷன் நெஜமாவே பிரார்த்தனை பண்ண ஆரம்பிச்சிருவான். தோத்தவங்க ஜெயிச்சவரைப் பத்தி ஒரு இரங்கல் கவிதை எழுதணும், இதுதான் எங்க பரிசு.

ஸ்டெப் 2: ரூல் எழுதுங்க, பேர் எழுதறதுக்கு முன்னாடி

புதுசா வர்ற எல்லாரும் பண்ற தப்பு இதுதான், லிஸ்ட் போடற குஷில ரூல் எழுத மறந்துடுவாங்க. நாங்களும் முதல் வருஷம் ஒரு ரூலும் இல்லாம ஆடி, செத்தவருக்கு அவங்க சொந்தக்காரங்க கூட அவ்ளோ நாள் அழுதிருக்க மாட்டாங்க, நாங்க ஒரு மாசம் சண்டை போட்டோம். இதுல பேர் எழுதறது அஞ்சு நிமிஷ வேலை, ரூல்தான் கேமே.

முதல் ரூல், யாரு பிரபலம்? இங்கதான் கில்லாடிங்க எல்லாம் வேலையைக் காட்டுவாங்க, உலகத்துலயே வயசானவங்க பட்டியலை எடுத்து 112 வயசு பாட்டி பேரை எல்லாம் வரிசையா எழுதிட்டு வருவாங்க. 1987-ல இருந்து வருஷா வருஷம் 50 பேர் லிஸ்ட் போட்டுட்டு இருக்கற டெத்லிஸ்ட்னு ஒரு பிரிட்டன் கும்பல் இருக்கு, அவங்க ரூல் அழகா இருக்கும்: சாகப் போறாருங்கறதுக்காக மட்டுமே பேர் தெரிஞ்சவரா இருக்கக் கூடாது, செத்தா அந்த ஊர் மீடியால செய்தி வர்ற அளவுக்கு ஆளா இருக்கணும். அதை அப்படியே சுட்டுக்கோங்க. தூக்கு தண்டனைக்கு தேதி குறிச்ச கைதியும் வேண்டாம், அது கணிப்பு இல்ல, காலண்டர் பாக்கறது.

ரெண்டாவது, செத்துட்டாருன்னு எதை வெச்சு ஒத்துக்கறது? இது சாதாரண விஷயம்னு நெனைக்காதீங்க. ஏப் விகோடான்னு ஒரு ஹாலிவுட் நடிகர், 1982-ல ஒரு பத்திரிகை அவரை "மறைந்த"ன்னு போட்டுருச்சு. மனுஷன் அந்தப் பத்திரிகையைக் கையில வெச்சுக்கிட்டு சவப்பெட்டிக்குள்ள உக்காந்து போட்டோ எடுத்துக்கிட்டாரு, நெஜமா போனது 2016 ஜனவரில, 94 வயசுல. நடுவுல அவர் இருக்காரா இல்லையான்னு சொல்றதுக்குன்னே ஒரு வெப்சைட் ஓடுச்சு! பெரிய மீடியான்னும் கண்ண மூடிட்டு நம்பிறாதீங்க. 2008-ல ப்ளூம்பெர்க் தவறுதலா ஸ்டீவ் ஜாப்ஸ் இரங்கல் கட்டுரையை வெளியிட்டுச்சு, அவர் அதுக்கப்புறம் மூணு வருஷம் இருந்தாரு. 2020 நவம்பர்ல பிரான்ஸோட ஆர்எஃப்ஐ ரேடியோ வெப்சைட்ல ஏதோ டெக்னிக்கல் கோளாறு, ரெடி பண்ணி வெச்சிருந்த இரங்கல் செய்தி நூறு கிட்ட ஒரேயடியா வெளிய வந்துருச்சு. பீலே, ராணி எலிசபெத் எல்லாம் அந்த லிஸ்ட்ல. அதனால ரூலை இப்படி எழுதுங்க: ஒண்ணோட ஒண்ணு சம்பந்தமில்லாத ரெண்டு பெரிய செய்தி நிறுவனம், இல்லன்னா குடும்பத்தோட அறிக்கை. வாட்ஸ்அப் ஃபார்வர்டு செல்லாது, மலர்வளையம் படம் போட்டிருந்தாலும் செல்லாது.

மூணாவது டைம் ஜோன். சிரிக்காதீங்க. அமெரிக்க நடிகை பெட்டி வைட் 2021 டிசம்பர் 31 காலையில கலிஃபோர்னியால காலமானாங்க, அந்த நேரத்துல ஜப்பான்லயும் ஆஸ்திரேலியாலயும் ஹேப்பி நியூ இயர் சொல்லி முடிச்சுத் தூங்கிட்டு இருந்தாங்க. இது எந்த வருஷத்துக் கணக்கு? இறந்த எடத்தோட தேதிதான் கணக்குன்னு முன்னாடியே எழுதி வெச்சா ஒரு வரில முடிஞ்சிரும், எழுதலன்னா எங்க குரூப் மாதிரி ரெண்டு பேர் இன்னமும் பேசிக்காம இருப்பாங்க.

அப்புறம், ஆடுறவரே கதையை முடிச்சு வெச்சா டிஸ்குவாலிஃபை. எல்லா எடத்துலயும் இந்த ரூலை ஜோக்குக்கு போடுவாங்க, நீங்களும் போட்டுக்கோங்க. தற்கொலைக்கு பாயிண்ட் கெடையாதுன்னு எங்ககிட்ட ஒரு ரூல் இருக்கு, அது ஜோக்குக்கு இல்ல. சின்னப் பசங்க பேரும் எழுதக் கூடாது.

ஸ்டெப் 3: பாயிண்ட் கணக்கு

ரொம்ப பேர் ஆடுறது இதுதான்: 100-ல இருந்து இறந்தப்போ இருந்த வயசைக் கழிங்க, மிச்சம் இருக்கறது உங்களுக்கு. 60 வயசுல போனா 40 பாயிண்ட், 90-ல போனா 10. நூறைத் தாண்டிட்டா பூஜ்யம். நம்ம ஊர் வாழ்த்து "நூறு ஆயுசு" இங்க வந்தா ஒரு முட்டை.

இப்போ கொஞ்சம் கணக்கு போடுவோம், எனக்கு இந்தப் பகுதிதான் உயிர் (மன்னிக்கணும்). அமெரிக்க ஆயுள் அட்டவணைப்படி ஒரு வருஷத்துக்குள்ள இறக்கறதுக்கான வாய்ப்பு 60 வயசு ஆணுக்கு நூத்துக்கு ஒண்ணு சொச்சம், 80-ல நூத்துக்கு ஆறு, 90-ல ஏறத்தாழ ஆறுல ஒரு பங்கு, 100-ல மூணுல ஒரு பங்கு. இதைக் கெடைக்கற பாயிண்டால பெருக்கிப் பாருங்க. 60 வயசுக்காரருக்கு சராசரியா அரை பாயிண்ட் கூட தேறாது, 80-க்கு 1.2, 90-க்கு ஒண்ணே முக்கால் கிட்ட, 100-க்கு பூஜ்யம். ஆக, எதுவும் விசேஷ தகவல் இல்லைன்னா 85-ல இருந்து 92 வரைக்கும் இருக்கறவங்கதான் நல்ல நெலம். பிரிட்டன்காரர் பெஞ்சமின் கோம்பெர்ட்ஸ் 1825-லயே வயசு ஏற ஏற சாவு விகிதம் பெருக்கல் கணக்குல ஏறும்னு கண்டுபுடிச்சாரு, கிட்டத்தட்ட எட்டு வருஷத்துக்கு ஒரு தடவை டபுள் ஆகும். ஒரே சிக்கல், பிரபலங்களுக்கு காசும் நல்ல டாக்டரும் உண்டு, அட்டவணையை விட கொஞ்சம் இழுத்துப் புடிப்பாங்க.

ஸ்டெப் 4: பத்து பேர்

என்னோட பார்முலா: ஆறு பேர் மேல சொன்ன வயசுல, மூணு பேர் உடம்பு சரியில்லைன்னு அவங்களே வெளிய சொன்னவங்க, ஒருத்தர் சும்மா மனசுல தோணுனது. உயிரோட இருக்கறவங்க பேரை இங்க நான் எழுத மாட்டேன், அது உங்க பாடு.

நோயை வெச்சு போடறவங்க நிதானமா போடுங்க. விஞ்ஞானி ஸ்டீஃபன் ஹாக்கிங்குக்கு 1963-ல ரெண்டு வருஷம்தான்னாங்க, அவர் 2018 வரைக்கும் இருந்தாரு, அவரை எழுதி எழுதி எத்தனை பேனா தீர்ந்துச்சோ. அமெரிக்க டிவி தொகுப்பாளர் அலெக்ஸ் ட்ரெபெக் 2019 மார்ச்ல கணையப் புற்றுநோய் நாலாவது ஸ்டேஜ்னு அறிவிச்சாரு, அடுத்த வருஷம் லிஸ்ட்ல போட்டவங்களுக்கும் நவம்பர் வரைக்கும் நகம் கடிச்சாத்தான் பாயிண்ட் வந்துச்சு. ஜாப்ஸுக்கும் கணையம்தான், ஆனா வேற வகை கட்டி, 2003-ல தெரிஞ்சு 2011 வரைக்கும் ஓடுச்சு. நோய் பேரை மட்டும் பாக்காம எந்த வகை, எந்த ஸ்டேஜ்னு படிங்க.

எவ்ளோ படிச்சாலும் 2016 மாதிரி ஒரு வருஷம் வந்தா எல்லாம் தவிடுபொடி. அந்த ஒரே வருஷத்துல போனவங்களும் அவங்க வயசும்: பாடகர்கள் டேவிட் போவி 69, பிரின்ஸ் 57, ஜார்ஜ் மைக்கேல் 53, நடிகை கேரி ஃபிஷர் 60, அடுத்த நாளே அவங்கம்மா டெபி ரெனால்ட்ஸ் 84. இந்த அஞ்சு பேரையும் ஒரே லிஸ்ட்ல எழுதியிருந்தா அவன்கிட்ட இருந்து தள்ளியே இருங்க, எருமை எங்கயாவது கட்டிக் கெடக்கும்.

ஸ்டெப் 5: பூட்டிருங்க

டிசம்பர் 31 ராத்திரிக்குள்ள எல்லா லிஸ்டும் ஒரே ஷீட்ல, அப்புறம் எடிட் பண்ற பர்மிஷனை எடுத்துருங்க. ஒரே பேரை நாலு பேர் போட்டிருந்தா பரவால்ல, வேற யாருமே போடாத பேர் அடிச்சா அதுக்கு மேல அஞ்சு பாயிண்ட் போனஸ் குடுங்க, அப்பதான் எல்லாரும் ஒரே மாதிரி எழுத மாட்டாங்க. பூட்டுனதுக்கும் ஜனவரி 1-க்கும் நடுவுல போனவருக்கு பதில் ஒரு ஆளை மாத்திக்கலாம்.

ஸ்டெப் 6: செய்தி வந்தா

முதல்ல ரெஸ்ட் இன் பீஸ், அப்புறம் பாயிண்ட். இந்த வரிசை முக்கியம். குரூப்புக்கு வெளிய ஒரு வார்த்தை பேசாதீங்க, முக்கியமா அந்தப் பிரபலத்தோட ரசிகர் பக்கத்துல இருக்கறப்போ "யெஸ்"ஸுன்னு கத்தாதீங்க. நான் ஒரு தடவை ஆபீஸ் மீட்டிங்ல கத்திட்டு, ப்ராஜெக்ட் அப்ரூவல் வந்ததுக்குன்னு சொல்லி சமாளிச்சேன், அப்ரூவல் வரலை.

கடைசியா, போன வருஷ லிஸ்டை அப்படியே காப்பி அடிக்கறதை தடுக்க பாதி பேரை மாத்தியே ஆகணும்னு வெச்சுக்கோங்க, டெத்லிஸ்ட்லயும் 50-ல 25 பேர்தான் பழைய ஆளா இருக்கலாம். எங்க குரூப்ல ஒரு அண்ணன் இருக்காரு, 2023 பிப்ரவரில முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் வைத்தியம் போதும்னு ஹாஸ்பைஸ்க்கு, அதாவது கடைசிக் காலப் பராமரிப்புக்கு, மாறிட்டாருன்னு செய்தி வந்தப்போ லிஸ்ட் பூட்டியாச்சேன்னு தலைல அடிச்சுக்கிட்டாரு. சரின்னு 2024 லிஸ்ட்ல முதல் பேரா போட்டாரு. கார்ட்டர் அக்டோபர் 1-ம் தேதி நூறாவது பொறந்த நாள் கொண்டாடிட்டு, நவம்பர் தேர்தல்ல ஓட்டும் போட்டுட்டு, டிசம்பர் 29-ம் தேதி போனாரு. அண்ணன் கணிப்பு சரி. பாயிண்ட் முட்டை.