பொன்னி விலை ஏறும்போது: பினாங்குக் குடும்பங்கள் அரிசி வாங்கும் முறை

2023 செப்டம்பரில், மலேசியாவின் பினாங்கு லிட்டில் இந்தியாவில் நான் வழக்கமாகப் போகும் மளிகைக் கடையில், விலை இன்னும் ஏறும் என்ற பேச்சை நம்பி மூன்று மூட்டை பொன்னி வாங்கினேன். எனக்குப் பின்னால் நின்றிருந்த பெரியம்மா ஒருவர் ஐந்து கிலோ பை கேட்டார். தீர்ந்துவிட்டது என்றதும் வெறுங்கையோடு திரும்பினார். நான்கு மாதம் கழித்து மூன்றாவது மூட்டையின் தையல் நூலை உருவியபோது, கையில் அரிசியோடு மாவும் உதிர்ந்தது, கறுப்பு வண்டுகள் சுவரில் ஏறின. அரிசிச் சந்தையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருந்தால் இவ்விரண்டையும் தவிர்த்திருக்கலாம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், உங்கள் வீட்டில் வேகும் அரிசி எந்த ஊர் அரிசி என்று பாருங்கள். கெடா, பெர்லிஸ் மாநிலங்களின் மூடா சமவெளியிலும் நம் செபராங் பிறையிலும் விளையும் உள்நாட்டு வெள்ளை அரிசிக்கு அரசின் உச்சவரம்பு விலை உண்டு. பத்து கிலோ 26 வெள்ளி (ரிங்கிட்). இறக்குமதி அரிசிக்கு அந்த வரம்பு இல்லை. அதைக் கொண்டுவரும் உரிமை பெற்ற பெர்னாஸ், 2023 செப்டம்பர் 1 முதல் இறக்குமதி வெள்ளை அரிசியின் விலையை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளியாக உயர்த்தியது. விலை இடைவெளி பெரிதானதும் எல்லோரும் உள்நாட்டு அரிசியைத் தேடினார்கள், அது அடுக்குகளிலிருந்து காணாமல் போனது. ஆகவே இறக்குமதி விலை உயரும் செய்தி வந்தால், உள்நாட்டு அரிசிக்கும் தட்டுப்பாடு வரும் என்று எதிர்பாருங்கள்.

பொன்னியும் இட்லி அரிசியும் உண்ணும் நம் குடும்பங்கள் இந்தியாவைத்தான் கவனிக்க வேண்டும். உலகச் சந்தைக்கு வரும் அரிசியில் ஏறக்குறைய 40 விழுக்காடு அங்கிருந்து வருகிறது. ஆனால் உழைப்பவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் வேளாண்மையை நம்பியிருக்கும் அந்நாடு, 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சுமார் 80 கோடிப் பேருக்கு ரேஷன் தானியம் கொடுக்க வேண்டிய கடமையையும் சுமக்கிறது. மழை பொய்த்தால் அது முதலில் தன் மக்களையே பார்க்கும். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

அந்த முடிவு ஒரே நாளில் வருவதில்லை, படிப்படியாக வருகிறது என்பதே நமக்குப் பயன்படும் செய்தி. 2022 செப்டம்பரில் குருணை ஏற்றுமதியைத் தடை செய்து, வெள்ளை அரிசிக்கு 20 விழுக்காடு வரி போட்டார்கள். 2023 ஜூலை 20-இல் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசிக்கே தடை வந்தது. ஆகஸ்ட் 25-இல் புழுங்கல் அரிசிக்கும் 20 விழுக்காடு வரி விழுந்தது. 1901-க்குப் பிறகு இந்தியா கண்ட மிக வறண்ட ஆகஸ்ட் அதுதான். ஆகவே ஆணை எந்த வகை அரிசியைக் குறிக்கிறது என்று படியுங்கள்: அன்று தடைக்குள் சிக்கியது வெள்ளை அரிசியான பச்சரிசி, புழுங்கல் பொன்னிக்குத் தடை இல்லை, விலை மட்டுமே ஏறியது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல்தான் நானும் மூட்டைகளைச் சுமந்தேன்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை எப்படிப் பெய்கிறது என்பதையும், காவிரிப் பாசன வயல்களுக்கு நீர் தரும் தமிழ்நாட்டின் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-இல் திறக்கப்படுகிறதா என்பதையும் செய்தியில் பாருங்கள். இந்திய அரசுக் கிடங்குகளின் இருப்பை மட்டும் நம்ப வேண்டாம். 2023-இல் கிடங்கில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச அளவுக்கு மேலே இருப்பு இருந்தும் தடை வந்தது, ஏனெனில் உள்நாட்டுச் சில்லறை விலை ஏறிக்கொண்டிருந்தது. மழையும் இருப்பும் நன்றாக இருந்த 2024 செப்டம்பர் 28-இல்தான் வெள்ளை அரிசிக்கான தடை நீங்கியது.

இனி வாங்கும் அளவு. மூட்டையைத் திறக்கும் நாளை அதன் மேலேயே எழுதி, தீரும் நாளையும் குறித்தால், உங்கள் வீட்டின் உண்மையான தேவை இரண்டு மாதத்தில் தெரிந்துவிடும். கையில் ஒரு மாதத் தேவையும் அதற்கு மேல் அரை மூட்டையும் போதும். அதற்கு மேல் வாங்கும் ஒவ்வொரு மூட்டையும், வாரக் கூலியில் ஐந்து கிலோ வாங்குகிறவர் கையிலிருந்து எடுப்பதுதான். தட்டுப்பாடு வந்தால் மதியச் சோற்றுக்கு உள்நாட்டு அரிசியை வைத்துக்கொண்டு, புழுங்கலை ஒரு வேளைக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். அறவே விட்டுவிட வேண்டாம். 1905-இல் கோலாலம்பூர் மனநல விடுதியில் மருத்துவர் வில்லியம் பிளெட்சர் நடத்திய சோதனையில், தீட்டிய வெள்ளை அரிசி உண்டவர்களிடையே பெரிபெரி என்ற சத்துக்குறைவு நோய் பரவியது, புழுங்கல் உண்டவர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். நம் முன்னோர் தோட்டத்திலும் புழுங்கலை விடாமல் உண்டது வீணான பிடிவாதம் அல்ல.

கடையில் ஒரு கைப்பிடி அரிசியை உள்ளங்கையில் தேய்த்துப் பாருங்கள். வெண்தூள் அதிகம் ஒட்டினாலோ, ஊசி முனையளவு ஓட்டை உள்ள மணிகள் தென்பட்டாலோ அந்த மூட்டை வேண்டாம். அரிசி வண்டு மணிக்குள்ளேயே முட்டையிடுவதால், பார்வைக்குச் சுத்தமான அரிசியிலும் அது இருக்கக்கூடும். அதனால் சிறு பைகளாகப் பிரித்து உறைபெட்டியில் நான்கு நாள் வைத்து, எடுத்தபின் பையைத் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிட்டு, பிறகு இறுக்கமாக மூடும் டின்னில் கொட்டுங்கள். டின்னைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். நம் ஊர் ஈரம் சிமெண்டிலிருந்தும் ஏறும். அடியில் எஞ்சும் பழைய அரிசியின் மேல் புதியதைக் கொட்டாமல், அதை அன்றே உலையில் போட்டுவிட்டு, டின்னைத் துடைத்துக் காயவைத்த பிறகே அடுத்த பையைப் பிரியுங்கள்.